கடைசி மேசையில் வைத்த மக்கரோனி

இது நீளமான பதிவு. கடைசியில் செய்முறை இருக்கிறது. அதற்காக மட்டும் வந்தவர்கள் நேரே கீழே போகலாம், கோபமில்லை.

சென்ற தவணை எங்கள் பாடசாலையில் பாரம்பரிய உணவுக் கண்காட்சி நடந்தது. வழமையான சாமான்கள்தான். ஒடியற்கூழ், குரக்கன் புட்டு, எள்ளுப்பாகு, பயித்தம் பணியாரம், பனங்காய்ப் பணியாரம். மேசை ஒழுங்கு என் பொறுப்பு. மயிலிட்டியிலிருந்து வருகிற ஒரு மாணவி மூடி போட்ட சட்டியொன்றைக் கொண்டுவந்து வைத்தாள். திறந்து பார்த்தால் மக்கரோனி. ரின்மீன், கரட், போஞ்சி, லீக்ஸ் போட்டுப் பிரட்டி, மேலே கறிவேப்பிலை தூவியிருந்தது. அட்டையில் "அம்மம்மாவின் மக்கரோனி" என்று வடிவாக எழுதியிருந்தாள்.

"இது பாரம்பரியம் இல்லையே பிள்ளை" என்று சொல்லிவிட்டு, சட்டியைக் கடைசி மேசையில் தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தேன். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அட்டையை மட்டும் எடுத்துத் தன் கொப்பிக்குள் வைத்துக்கொண்டாள்.

பத்து மணிபோல அம்மம்மாக்காரி வந்தார். மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்து கடைசியில் நின்றார். என்னைக் கூப்பிட்டார்.

"சேர், இது ஏன் இஞ்ச கிடக்குது?"

"இல்லையம்மா, இது பழைய சாப்பாடுகளுக்கான கண்காட்சி..."

"நான் இருபது வருசமா இதைக் காய்ச்சிறன். என்ர மோள் இதில வளந்தவள். இப்ப பேத்தியும் இதைத்தான் கேக்கிறாள். கூழ் காய்ச்சு எண்டு சொல்லுறது லேசு சேர். முகாமில கூழுக்கு மீன் எங்க இருந்தது?"

நான் வரலாறு படிப்பிக்கிறவன். அந்த இடத்தில் எனக்கு மறுமொழி வரவில்லை. இந்தப் பதிவு பிந்தி வந்த மறுமொழி.

முதலில் அவர் கேட்ட கேள்வியையே எடுப்போம். மயிலிட்டிக்காரிக்கு மீன் எங்கே போனது?

காங்கேசன்துறைக்குக் கிழக்கே, பலாலிக்கு மேற்கே, பாக்கு நீரிணையைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர் மயிலிட்டி. 1950களின் கடைசியிலிருந்து இயந்திரப் படகுகளும் நைலோன் வலைகளும் வந்து சேர, வடக்கின் பெரிய மீன்பிடித் துறைகளில் ஒன்றாக அது வளர்ந்தது. ஐஸ் போட்ட லொறிகள் அங்கிருந்து கொழும்புவரை ஓடின. எங்கள் சோனகத் தெருவிலும் மயிலிட்டி மீன் என்றால் ஒரு மதிப்பு இருந்தது. வாப்பா சந்தைக்குப் போனால் "மயிலிட்டியான் வந்திட்டானா?" என்று கேட்டுத்தான் பையை விரிப்பார் என்று உம்மா சொல்லுவா.

1990 ஜூனில் சண்டை மூண்டபோது அந்த ஊர் முழுவதும் எழும்பி ஓடியது. பிறகு அது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடைபட்டது. வீடும் கோயிலும் தேவாலயமும் பள்ளிக்கூடமும் வேலிக்கு அந்தப் பக்கம். சனம் மல்லாகம், சுன்னாகம், பருத்தித்துறைப் பக்கங்களில் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும். சில நாளில் திரும்பலாம் என்று திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போனவர்கள். துறைமுகம் விடுபட்டது 2017 ஜூலையில். இருபத்தேழு வருசம்.

மீனவனை ஊரிலிருந்து எழுப்பினால் வீடு மட்டும் போவதில்லை. கமக்காரன் இடம்பெயர்ந்தால் இன்னொருவருடைய காணியில் கூலிக்காவது மண்வெட்டி பிடிக்கலாம். கடற்கரை அப்படியில்லை. ஒவ்வொரு கரைக்கும் அதன் சொந்தக்காரர், அதன் வாடி, அதன் பாடு. போதாததற்குக் கடலில் இறங்கவே தடையும் நேரக் கட்டுப்பாடும் இருந்த காலம் அது. ஆகவே மயிலிட்டித் தாய் தன் பிள்ளைக்கு மீன் கொடுக்க வேண்டுமென்றால் அதைக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். காசு இல்லாத நாளில், நிவாரணத்தில் வந்ததோ, சங்கக்கடையில் வாங்கியதோ, ஒரு ரின்.

அதே வருசம் ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். சில மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். வட மாகாணம் முழுவதிலுமாக 70,000க்கும் அதிகமான முஸ்லிம்கள் அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்தது புத்தளம். எனக்கு அப்போது பதினொரு வயது. கிடுகால் மேய்ந்த கொட்டில், நிவாரணக் காட், அரிசி, பருப்பு, சீனி, கோதுமை மா. அந்தக் காலத்து மீன் எங்களுக்கும் ரின்தான். யாழ்ப்பாணத்தில் ரின்மீன், புத்தளத்தில் செமன். பெயர்தான் மாறியது. உம்மா கத்தியை வைத்துக் கல்லால் தட்டித்தான் அதைத் திறப்பா. ஒருமுறை பெருவிரலைக் கிழித்துக்கொண்டா. அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. வெறும் பேணியை எறிய மாட்டோம். ஒன்று விளக்காகும், ஒன்று தண்ணீர் அள்ள, இரண்டுக்கு நூல் கட்டினால் எனக்கும் நானாவுக்கும் ரெலிபோன்.

இதை அந்த அம்மாவிடம் சொன்னேன். "நீங்களும் சாப்பிட்டனீங்களோ சேர்!" என்று சிரித்தார். அதன் பிறகுதான் எங்களுக்குள் கதை ஓடியது. ஜூனில் அவர்கள், ஒக்டோபரில் நாங்கள். ஒரே வருசத்தில் ஒரே குடாநாட்டிலிருந்து எழுப்பப்பட்டவர்கள், நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் இடைவெளியில் ஒரே ரின்னைத் தட்டித் திறந்துகொண்டிருந்திருக்கிறோம். மீனுக்கு அறுப்பு இல்லை என்பதால் எங்கள் சனமும் யோசிக்காமல் சாப்பிடலாம். இறைச்சி ரின் வந்தால்தான் ஆராய்ச்சி நடக்கும்.

இந்த ரின் பிறந்ததும் யுத்தத்தில்தான். நெப்போலியன் காலத்து பிரான்சில், தூரத்தில் நிற்கும் படைக்கும் கப்பலுக்கும் கெடாத உணவு வேண்டியிருந்தது. நிக்கொலா அப்பேர் என்ற இனிப்புப் பண்டக்காரர், உணவைக் கண்ணாடிப் போத்தலில் இறுக்க அடைத்து, அப்படியே கொதிநீரில் அவித்தால் மாதக்கணக்கில் கெடாது என்று கண்டுபிடித்தார். 1810 இல் அரசாங்கம் அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது. ஏன் கெடவில்லை என்று அவருக்கே தெரியாது. கிருமிகளைப் பற்றி பாஸ்டர் விளக்கியது அரை நூற்றாண்டுக்குப் பிறகு. அதே 1810 இல் இங்கிலாந்தில் பீட்டர் டியூராண்ட் என்பவர் போத்தலுக்குப் பதிலாகத் தகரப் பேணிக்கு உரிமம் எடுத்தார். 1813 அளவில் பிரித்தானியக் கடற்படைக்குப் பேணிச் சாப்பாடு போகத் தொடங்கியது.

வேடிக்கை என்னவென்றால், ரின்வெட்டி வந்தது 1850களில். அதுவரை நாற்பது வருசமாக உளியும் சுத்தியலும், படையாட்களுக்குத் துவக்குக் கத்தியும். என் உம்மா கல்லும் கத்தியுமாகத் திறந்தது வரலாற்று முறைப்படிதான்.

பெயரும் ஒரு கதை. 'செமன்', 'சமன்' என்று நாங்கள் சொல்வது 'சால்மன்'தான். அமெரிக்காவின் மேற்குக் கரையில் 1864 இல் சால்மனைப் பேணியில் அடைக்கத் தொடங்கினார்கள். அது பிரித்தானியப் பேரரசு முழுவதும் பரவியது. பேணிக்குள் இருந்த மீன் பிறகு மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. இப்போது எங்கள் கடைகளில் கூடுதலாக இருப்பது ஜக் மெக்கரல். மெக்கரல் என்று சொன்னாலும் அது எங்கள் கும்பளாவின் இனம் இல்லை. பாரைக் குடும்பத்து மீன். பெயரில் சால்மன், அட்டையில் மெக்கரல், குடும்பத்தால் பாரை! அடையாள அட்டை தொலைத்து முகாமில் நின்ற எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான மீன் கிடையாது.

அந்த ஜக் மெக்கரலைப் பெருமளவில் பிடித்த நாடு சிலி, பசுபிக்கின் மறுகரை. 1995 இல் மட்டும் சிலி 40 இலட்சம் தொன்னுக்கு மேல் அந்த மீனைப் பிடித்தது. அளவு கடந்து பிடித்ததால் பிறகு கடலில் அது படுமோசமாகக் குறைந்துபோனது. 1995 ஐ யோசித்துப் பாருங்கள். அந்த வருசம் ஒக்டோபர் 30 அன்று வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தது. ஏற்கனவே முகாமில் இருந்த மயிலிட்டிச் சனம் இரண்டாம் முறை மூட்டை கட்டியது. அங்கே ஒரு கடலை ஓய்வில்லாமல் வழித்தெடுத்தார்கள். இங்கே ஒரு கடல், வலை விழாமல், பூட்டிய வீட்டின் கிணறுபோலக் கிடந்தது.

இனி மக்கரோனி. அதை 'பாஸ்தா' என்று சொன்னால்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது.

மார்க்கோ போலோ சீனாவிலிருந்து இத்தாலிக்குக் கொண்டுபோனார் என்ற கதையை நானே முன்பு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். தவறு. அவர் வெனிஸுக்குத் திரும்பியது 1295 இல். அதற்கு 140 வருசங்களுக்கு முன், 1154 இல், அல்-இத்ரீஸி என்ற முஸ்லிம் புவியியலாளர் சிசிலித் தீவின் கிறிஸ்தவ அரசர் இரண்டாம் ரோஜருக்காக ஓர் உலகப் புத்தகம் எழுதி முடித்தார். பலேர்மோ நகரத்துக்குக் கிழக்கே திராபியா என்ற ஊரில் 'இத்ரியா' செய்து, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பல் கப்பலாக அனுப்புகிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். இத்ரியா என்பது கோதுமை மாவைப் பிசைந்து நூலாக்கிக் காயவைத்தது. காய்ந்தது என்பதுதான் முக்கியம். அதனால்தான் கப்பலேறியது. தெற்கு இத்தாலியில் ஒருவகைப் பாஸ்தாவை இன்றைக்கும் 'திரியா' என்கிறார்கள். இதே புத்தகத்தில் ஸரந்தீப் என்ற பெயரில் எங்கள் இலங்கையும் இருக்கிறது.

சிசிலிக்காரர்களுக்குப் பெயர்போன சாப்பாடு ஒன்று உண்டு. பாஸ்தாவும் சூடை இனத்து மீனும், காட்டுப் பெருஞ்சீரகத்தின் தழையும், முந்திரிகை வத்தலும் சேர்த்துச் செய்வது. கி.பி. 827 இல் அரபுப் படை அந்தத் தீவில் இறங்கியபோது, கையில் கிடைத்ததை எல்லாம் போட்டுச் சமையற்காரன் ஒருவன் செய்தது என்று அங்கே கதை சொல்வார்கள். கதைதான், ஆதாரமில்லை. ஆனால் மீனும் பெருஞ்சீரகமும் சேர்ந்தால் வாசம் எப்படியிருக்கும் என்று யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அந்தச் சாப்பாட்டுக்கு ஏழைகளின் வகை ஒன்று இருக்கிறது. மீன் வாங்கக் காசில்லாத வீட்டில், மற்ற எல்லாவற்றையும் போட்டு மீன் போடாமல் செய்வார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மீன் இன்னும் கடலில் இருக்கிற பாஸ்தா'.

இதை அந்த அம்மாவிடம் சொன்னபோது, சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். சிரிக்கவில்லை. "எங்கட மீனும் கடலிலதான் இருந்தது சேர். நாங்கள்தான் கரையில இல்லை" என்றார்.

அவர் மக்கரோனி காய்ச்சப் பழகியது 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு. அதுவரை முகாமில் கோதுமை மாப் புட்டும் ரொட்டியும்தான். பாதை திறந்ததும் தெற்கிலிருந்து சாமான்கள் வந்தன. மகள் சோறு வேண்டாமென்று அடம்பிடிக்கிற வயது. கடைக்காரர் பை ஒன்றைக் காட்டி "இதை அவிச்சுக் குடுங்கோ, பிள்ளையள் சாப்பிடும்" என்றாராம். எப்படிச் சமைப்பது என்று பையில் தமிழில் எழுதியிருக்கவில்லை. ஆகவே ரின்மீன் பிரட்டலுக்கு என்ன செய்வாரோ அதையே செய்து, மரக்கறியைப் போட்டு, மக்கரோனியை அதற்குள் கொட்டியிருக்கிறார். சிசிலியும் தெரியாது, இத்ரீஸியும் தெரியாது. 2006 இல் பாதை மறுபடி பூட்டியபோது ரின்னும் மக்கரோனியும் கைக்கு எட்டாத விலைக்குப் போயின. அப்போது ஒரு ரின்னை இரண்டு நாளைக்குப் பிரித்தாராம்.

பிறகும் இந்த ரின் எங்களை விடவில்லை. 2020 மார்ச்சில், கொரோனா வந்த கையோடு, அரசாங்கம் பருப்பு கிலோ 65 ரூபாய், பெரிய ரின் மீன் 100 ரூபாய் என்று கட்டுப்பாட்டு விலை அறிவித்ததும் ஊரடங்கு தொடங்கியதும் நினைவிருக்கும். ஏப்ரல் முடிவதற்குள் அந்த விலையை எடுத்துவிட்டார்கள். அந்த விலைக்கு ரின் வாங்கியவர் எங்கள் தெருவில் யார் என்று இன்றைக்கும் பகிடியாகக் கேட்டுக்கொள்வோம். 2022 இல் விலை எங்கே போனது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது மயிலிட்டி திரும்பியிருக்கிறது என்கிறோம். துறைமுகத் திருத்த வேலைக்கு 2018 இல் அடிக்கல் வைத்தார்கள், 2019 இல் முதற்கட்டம் திறந்தார்கள். போன ஞாயிறு பின்னேரம் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். அணைக்கட்டு இருக்கிறது, படகுகள் இருக்கின்றன. எல்லை தாண்டி வந்து பிடிபட்ட இந்திய இழுவைப் படகுகளும் ஒரு பக்கம் துருப்பிடித்தபடி கட்டிக்கிடக்கின்றன. ஊர்க்காரர் எல்லாரும் திரும்பவில்லை. இருபத்தேழு வருசத்தில் முகாமில் பிறந்த பிள்ளை கலியாணம் கட்டிப் பிள்ளையும் பெற்றுவிட்டது. கடலுக்குப் போகத் தெரிந்த கைகள் கிழடாகிவிட்டன.

கண்காட்சிக்கு அடுத்த கிழமை, என் வகுப்பில் தெரிந்த மீன்களின் பெயரை எழுதச் சொன்னேன். ஐந்து ஆறு பெயரோடு பலர் நின்றுவிட்டார்கள். ஒரு பொடியன் மூன்றாவது மீனாக 'ரின்மீன்' என்று எழுதியிருந்தான். வகுப்பு சிரித்தது. நான் பிழை போடவில்லை. ஆனால் அன்றிரவு நித்திரை வரவும் இல்லை.

மறுநாள் அந்த அம்மாவை வகுப்புக்குக் கூட்டிவந்தேன். கதிரை கொடுத்தும் இருக்கவில்லை. சூடை, கீரி, முரல், ஒட்டி, விளை, பாரை, அறக்குளா, சூரை, கும்பளா, திருக்கை என்று தொடங்கி, எது எந்த மாதத்தில் வரும், எதைச் சொதி வைக்கலாம், எதைக் கருவாடு போடலாம், பிள்ளை பெற்றவளுக்கு எது நல்லது என்று முக்கால் மணித்தியாலம் பேசினார். கரும்பலகை நிறைந்துவிட்டது. கடைசி வரியில், பேத்தியைப் பார்த்துக்கொண்டு, "ரின்மீனையும் எழுதுங்கோ சேர், அதுவும் எங்களைக் காப்பாத்தினதுதான்" என்றார். எழுதினேன்.

கூழும் வேண்டும், இந்த மக்கரோனியும் வேண்டும். கூழ் நாங்கள் கரையில் இருந்த காலத்தைச் சொல்லும். கரையில் இல்லாத காலத்தை மக்கரோனிதான் சொல்லும். அதை மேசையின் ஓரத்துக்குத் தள்ளியது என் பிழை. பிள்ளையிடம் வகுப்பின் முன்னால் சொல்லிவிட்டேன். அட்டையை இன்னும் திருப்பித் தரவில்லை. அடுத்த வருசம் தானே வைப்பாளாம், இடமும் தானே பார்ப்பாளாம்.

சரி, செய்முறை. அம்மம்மா சொல்லச் சொல்ல எழுதியது. நாலைந்து பேருக்குப் போதும்.

மக்கரோனி 400 கிராம் பை ஒன்று, 425 கிராம் மீன் ரின் ஒன்று. கரட் இரண்டு, போஞ்சி ஒரு பிடி, லீக்ஸ் ஒன்று, பழுத்த தக்காளி மூன்று, பெரிய வெங்காயம் ஒன்று, உள்ளி ஐந்தாறு பல்லு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, அரைக் கரண்டி பெருஞ்சீரகம், கட்டைத்தூள், மஞ்சள், மிளகு, பாதித் தேசிக்காய். ரின் வீங்கியிருந்தாலோ, திறக்கும்போது சீறினாலோ யோசிக்காமல் எறியுங்கள். நசுங்கி விளிம்பு விட்டதையும் வாங்க வேண்டாம்.

மீனை வடித்து மஞ்சளும் மிளகும் பிரட்டி, தாச்சியில் கொஞ்ச எண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க விட்டு எடுத்து வையுங்கள். இதைச் செய்தால் ரின் வாடை போய்விடும். நடு முள்ளை எறிய வேண்டாம். ரின்னுக்குள்ளேயே அவிந்து மெதுவாகியிருக்கும், பிள்ளைகளின் எலும்புக்கு நல்லது. அதே எண்ணெயில் பெருஞ்சீரகம், உள்ளி, வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை. வாசம் வந்ததும் கரட், போஞ்சி. அவை பாதி வெந்த பிறகு லீக்ஸ். பிறகு தக்காளியும் தூளும். தக்காளி கரைந்து எண்ணெய் விடும்வரை பொறுமை வேண்டும், இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள்.

மக்கரோனியைத் தனியாக உப்புத் தண்ணீரில் அவியுங்கள். பையில் போட்டிருக்கிற நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே வடித்துவிடுங்கள், வடித்த தண்ணீரில் ஒரு பேணி எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் தாச்சியில் சேர்த்து, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிரட்டினால் குழம்பு மக்கரோனியில் ஒட்டும். மீனைக் கடைசியில் போட்டு மெதுவாகக் கிளறுங்கள், இல்லாவிட்டால் தூளாகிவிடும்.

தேசிக்காயை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும், சூட்டில் பிழிந்தால் கைக்கும். உப்பை ருசி பார்த்துப் போடுங்கள், மீனிலேயே உப்பு இருக்கிறது.